பெர்த்தாம் ஆறு போகும் வழி

தானா ராத்தாவின் முதன்மைச் சாலையில் காலை வேளையில் முதுகுப்பையுடன் நிற்கும் வெளிநாட்டு இளைஞர்களைக் கேமரன் மலைவாசிகள் இப்போதெல்லாம் திரும்பிப் பார்ப்பதில்லை. அவ்வளவு பழகிப்போன காட்சி அது. ஜெர்மனி, நெதர்லாந்து, பிரான்ஸ் என்று எங்கிருந்தோ வந்தவர்கள். பலருக்கு வயது இருபதைச் சுற்றித்தான் இருக்கும். பினாங்கிலிருந்து பேருந்தில் மலையேறி வருகிறார்கள். தேயிலைத் தோட்டத்தையும் பாசி படர்ந்த மேகக் காட்டையும் பார்க்கிறார்கள். பிறகு ஜெராண்டுட், கோலா தெம்பெலிங், அங்கிருந்து படகில் தாமான் நெகாரா, அதன் பின்னர் பெர்ஹெந்தியான் தீவு. இந்த வழி அவர்களுக்கு ஏறக்குறைய மனப்பாடம்.

லெம்பா பெர்த்தாமில் பிறந்து, அங்கேயே பதினேழு வயதுவரை வளர்ந்த ஒரு மாணவரிடம் கோலா தெம்பெலிங் எங்கே இருக்கிறது என்று கேட்டால் என்ன பதில் வரும்? தேர்வுக்குப் படித்தபோது நிலவரைபடத்தில் பார்த்த நினைவு இருக்கலாம். நேரில் போனதுண்டா என்றால், இல்லை என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். ஆனால், அவர் வீட்டுக்கு அருகில் ஓடும் பெர்த்தாம் ஆறு கிழக்கே இறங்கி ஜெலாய் ஆற்றில் சேர்கிறது. ஜெலாயும் தெம்பெலிங்கும் கூடுமிடம்தான் கோலா தெம்பெலிங். அங்கேதான் தீபகற்ப மலேசியாவின் மிக நீளமான ஆறாகிய பகாங் ஆறு பிறக்கிறது. ஏறத்தாழ பத்தாயிரம் கிலோமீட்டர் தொலைவிலிருந்து வந்தவர் அந்தக் கூடுதுறையைப் பார்த்துவிட்டுப் போகிறார். ஆற்றங்கரையிலேயே வளர்ந்த பிள்ளை பார்க்கவில்லை.

இந்த நிலை மாற வேண்டும். எஸ்.பி.எம். தேர்வு முடிந்து, முடிவு வெளிவரும்வரை சில மாதங்கள் கிடைக்கின்றன. அந்த இடைவெளியில் ஒவ்வோர் இளைஞரும் ஒரு முறையாவது சொந்த நாட்டைப் பேருந்திலும் இரயிலிலும் படகிலும் கடந்து பார்க்க வேண்டும். தோட்டப்புறத்துப் பிள்ளைகளுக்கு இது மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேவை. அதற்கான காரணம் அவர்களுடைய குடும்ப வரலாற்றிலேயே இருக்கிறது.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களுக்கு வேலை தேடி வந்த முதல் தலைமுறைத் தமிழர்கள் செய்த பயணத்தை நினைத்துப் பார்க்கலாம். திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆற்காடு பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து நடந்தோ மாட்டு வண்டியிலோ இரயில் நிலையத்தை அடைந்தார்கள். அங்கிருந்து மூன்றாம் வகுப்புப் பெட்டியில் நாகப்பட்டினம் அல்லது சென்னை. பிறகு கப்பல். 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பலின் பெயர் பழைய குடும்பங்களில் இன்றும் பேச்சில் வரும். தளத்தில் பாய் விரித்துப் படுத்து, ஏறத்தாழ ஒரு வாரம் கடலில் கழித்தார்கள். பினாங்கை அடைந்த பிறகும் பலர் நேராக ஊருக்குள் வரவில்லை. நோய்த் தொற்றுக்கு அஞ்சி, ஜெரெஜாக் தீவு முகாமில் அவர்களைச் சில நாள் தடுத்து வைத்தார்கள். அதன் பின்னர் மறுபடியும் இரயில், மறுபடியும் லாரி, கடைசியில் லயத்து வீடு.

ஓர் ஐரோப்பிய இளைஞர் ஊர்சுற்றக் கையாளும் அதே வழிமுறைகள்தாம் இவை. அவர் விரும்பிய இடத்தில் இறங்கலாம், விரும்பாவிட்டால் அடுத்த பேருந்தைப் பிடிக்கலாம். கங்காணி அழைத்து வந்தவருக்கு அந்த உரிமை இல்லை. எங்கே போகிறோம் என்பதைக்கூடப் பலர் சரியாக அறிந்திருக்கவில்லை. 1938-இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்தது. கங்காணி முறையும் அத்துடன் முடிவுக்கு வந்தது.

கடல் கடந்து வந்தவர்களின் பயணம் தோட்டத்து எல்லையில் நின்றுபோனது என்பதுதான் பெரிய கேடு. வீடு, கடை, கோயில், பள்ளி, மருந்தகம் எல்லாம் தோட்டத்துக்குள்ளேயே. வெளியே போக வேண்டிய தேவை எழாதபடி எல்லாம் அமைந்திருந்தது. தேவை எழுந்தாலும் கையில் காசில்லை. அந்தப் பழக்கம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. இன்றைய மாணவர் கைப்பேசியில் சென்னையையும் சியோலையும் பார்க்கிறார். தம் மாநிலத்தின் பழைய தலைநகரான கோலா லிப்பிஸ், மலைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாமலே போகிறது.

கேமரன் மலையின் அமைப்பும் இதற்கு ஒரு காரணம். 1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இந்த மேட்டுநிலத்தைப் பற்றிக் குறிப்பெழுதினார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அந்தக் குறிப்பால் பெரிய பயன் விளையவில்லை. 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்து, இதை மலைவாழிடமாக்கலாம் என்றார். தாப்பாவிலிருந்து சாலை வெட்டப்பட்டது. 1929-இல் ஜே.ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தோட்டம் வந்தது. இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். கேமரன் மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. ஆனால், அதற்குப் போன சாலையோ பேராக் மாநிலத்திலிருந்து ஏறியது. பின்னர் வந்த சிம்பாங் பூலாய்ச் சாலையும் பேராக்கிலிருந்துதான் வருகிறது. ரிங்லெட்டிலிருந்து சுங்கை கோயானுக்குச் சாலை அமைந்த பிறகே பகாங்கின் பிற பகுதிகளுக்கு நேர்வழி கிடைத்தது. பல பத்தாண்டுகள், சொந்த மாநிலத்துக்குப் போக அண்டை மாநிலத்துக்குள் இறங்க வேண்டியிருந்தது.

சரி, மகிழுந்தில் போனால் ஆகாதா என்று கேட்கலாம். போகலாம். பள்ளி விடுமுறையில் பிரிஞ்சாங் சாலையில் நகராமல் நிற்கும் வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயணத்தின் சுகம் தெரியும். குளிரூட்டியைப் போட்டு, சன்னலை மூடி, ஸ்ட்ராபெரி தோட்டத்தில் ஒரு மணி நேரம், சந்தையில் ஒரு மணி நேரம், தேநீர்க் கடையில் நாலு படம். இருட்டுமுன் திரும்பிவிட வேண்டும். வீட்டில் இருந்த அதே ஆட்களோடு, வீட்டில் பேசிய அதே பேச்சைப் பேசிக்கொண்டு வருகிறார்கள். இடம் மாறுகிறது, வேறொன்றும் மாறுவதில்லை.

பேருந்து அப்படி விடாது. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். முழுக்க வளைவுகள். வாந்தி வராமலிருக்க 'அசாம் போய்' ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தால், ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு பாடம் ஏறி இறங்கும். லாத்தா இஸ்கண்டார் அருவிக்கருகே செமாய் இனப் பூர்வகுடி மக்கள் பெத்தாய்க் காய்களையும் மூங்கிலையும் காட்டுத் தேனையும் விற்றுக்கொண்டிருப்பார்கள். அவர்களில் ஒருவர் அடுத்த இருக்கையில் வந்து உட்காரலாம். அவருடைய மூதாதையர் இந்தக் காட்டில் வாழ்ந்தபோது கேமரனும் இல்லை, தேயிலையும் இல்லை. பாடநூலில் 'ஓராங் அஸ்லி' என்று ஒரு பத்தியில் படித்ததைவிட, அரை மணி நேரம் ஒரே இருக்கையில் அமர்ந்து வருவது கூடுதலாகச் சொல்லித் தரும்.

சன்னல் வழியே தெரியும் மலையும் பலவற்றைச் சொல்கிறது. ரிங்லெட் ஏரி பல நாள்களில் செம்மண் நிறத்தில் கிடக்கும். மேலே சரிவுகளில் காடு வெட்டப்பட்ட இடங்களிலிருந்து மழை கொண்டுவந்த மண் அது. காய்கறிப் பண்ணைகளின் நெகிழிக் கூரைகள் சரிவு முழுவதும் வெள்ளையாக மின்னும். அந்த ஏரி இயற்கையானதும் அன்று. 1960-களில் கட்டப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணை தேக்கி வைத்த நீர். தெலோம் ஆற்று நீரையும் பெர்த்தாம் ஆற்று நீரையும் இங்கே சேர்த்து, மலையைக் குடைந்த சுரங்க வழியாகப் பேராக் பக்கம் இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். அந்த நீர் பிறகு தாப்பா வழியே ஓடும் பத்தாங் பாடாங் ஆற்றில் சேர்ந்துவிடும். கிழக்கே தென்சீனக் கடலுக்குப் போக வேண்டிய நீரில் ஒரு பகுதி, மனிதர் வெட்டிய வழியில் மேற்கே மலாக்கா நீரிணைக்குப் போகிறது. பேருந்தில் தாப்பாவுக்கு இறங்குகிறவர் தம் ஊர் ஆற்றோடு சேர்ந்தே இறங்குகிறார் என்று சொன்னால் தவறில்லை.

லெம்பா பெர்த்தாம் மக்களுக்கு அந்த அணை வெறும் பாடச் செய்தி அன்று. 2013 அக்டோபர் 23-ஆம் நாள் அதிகாலையில், கனமழையால் நிரம்பிய அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. கீழே இருந்த பள்ளத்தாக்கைச் சேறு கலந்த வெள்ளம் தாக்கியது. உயிர்கள் பலியாயின, வீடுகளும் வண்டிகளும் அடித்துச் செல்லப்பட்டன. நீர் எங்கிருந்து வந்தது என்பதை அந்த ஊர்ப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். அது எங்கே போகிறது, மேலே ஒரு சரிவில் வெட்டப்பட்ட மரத்துக்கும் கீழே ஒரு வீட்டுக்குள் புகுந்த சேற்றுக்கும் என்ன தொடர்பு என்பதை ஆற்றின் போக்கிலேயே பயணம் செய்தவர் தம் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்வார். நாளை அவர் தம் ஊரைப் பற்றி ஒரு கூட்டத்தில் எழுந்து பேச வேண்டியிருந்தால், அந்த அறிவு கைகொடுக்கும்.

1915-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து இந்தியா திரும்பிய காந்தி, நாட்டைச் சுற்றிப் பார்க்காமல் பொது மேடையில் பேச வேண்டா என்று கோகலே சொன்னதை ஏற்றார். மூன்றாம் வகுப்பு இரயில் பெட்டியிலேயே ஊர் ஊராகப் போனார். தமிழில் பயண இலக்கியத்தை வளர்த்த ஏ.கே. செட்டியாரும் காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காக உலகின் பல நாடுகளில் அலைந்து திரிந்தவரே. இவர்கள் யாரும் வசதிக்காகப் பயணம் செய்தவர்கள் அல்லர்.

இரயிலுக்கு வருவோம். தாப்பா நகரத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி தாப்பா ரோட் நிலையம் இருக்கிறது. 1893-இல் தெலுக் ஆன்சனுக்கு, அதாவது இன்றைய தெலுக் இந்தானுக்கு, இங்கிருந்து இரயில் ஓடியது. இன்று அந்தக் கிளைப்பாதை இல்லை. ஆனால், இ.டி.எஸ். மின்சார இரயில் நின்று போகிறது. அதில் ஏறிக் கோலாலம்பூர் வழியாகக் கெமாஸ் போய், அங்கே கிழக்குக்கரை இரயிலுக்கு மாறினால் மெந்தகாப், கோலா கிராவ் கடந்து ஜெராண்டுட் வரும். சுங்கை கோயான் சாலை வழியாகப் போவதோடு ஒப்பிட்டால் இது தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வழிதான். பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான் எல்லாவற்றையும் தாண்டி மறுபடியும் பகாங்குக்குள் நுழைகிறது. அப்படிச் சுற்றுவதற்காகவே இந்த வழியைத் தேர்ந்தெடுக்கலாம். மேற்குக்கரை இரயிலில் எல்லாரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு அமைதியாக இருப்பார்கள். கிழக்குக்கரைப் பாதையில் இரயில் மெதுவாகப் போகும். பெட்டிக்குள் பேச்சுக் கொடுக்க ஆள் கிடைக்கும்.

கெமாஸிலிருந்து தும்பாட்வரை போகும் அந்தப் பாதை 1931-இல் முழுமையடைந்தது. காட்டு இரயில் என்று வெளிநாட்டவர் அதை ஆவலோடு அழைப்பார்கள். அந்த ஆவலுக்கு நடுவே தமிழ்ப் பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டிய வேறொரு செய்தி இருக்கிறது. சப்பானியர் ஆட்சிக் காலத்தில் இப்பாதையின் தண்டவாளங்களில் ஒரு பகுதி பெயர்த்தெடுக்கப்பட்டுச் சயாம்-பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்டது. தண்டவாளங்கள் போன அதே திசையில் தோட்டப்புறத் தமிழர்களும் கொண்டு போகப்பட்டனர். பல்லாயிரக்கணக்கானோர் திரும்பவில்லை. 'சயாம் மரண இரயில்' என்று தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருக்கும் குடும்பங்கள் இன்னும் உண்டு. போருக்குப் பிறகு மீண்டும் போடப்பட்ட பாதையில் இன்றைய இரயில் ஓடுகிறது. இதை எந்த வழிகாட்டி நூலும் முதல் பக்கத்தில் சொல்வதில்லை. சொல்ல வேண்டியவர்கள் அந்த இரயிலில் ஏறுவதில்லை.

பயணத்தின் சிறந்த பகுதி கடைசியில்தான் வருகிறது. ஜெராண்டுட்டுக்கு அருகிலுள்ள கோலா தெம்பெலிங் படகுத்துறையிலிருந்து கோலா தாஹானுக்கு ஆற்று வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர். நீண்ட மரப்படகு, தாழ்வான இருக்கை, எதிர்நீரில் மூன்று மணி நேரம். சாலையிலும் கோலா தாஹான் போகலாம், விரைவாகவும் போகலாம். ஆனால், ஆறு என்பது ஒரு காலத்தில் இந்த நாட்டின் நெடுஞ்சாலையாக இருந்தது என்பதைப் படகில் உட்கார்ந்தவர் மட்டுமே உணர்வார். மலாய் ஊர்ப் பெயர்களில் இத்தனை 'கோலா' ஏன் வருகிறது என்ற கேள்விக்கும் அங்கே விடை கிடைக்கும். ஆறு ஆற்றோடும் கடலோடும் சேருமிடங்களிலெல்லாம் மக்கள் கூடினார்கள், ஊர் எழுந்தது. தண்ணீர் குறைந்த காலத்தில் படகோட்டி கூழாங்கல் திட்டுகளுக்கிடையே வழி தேடிப் போவதைப் பார்ப்பது தனி இன்பம். நீரின் நிறம் மாறுவதை வைத்தே ஆழத்தைச் சொல்லிவிடுவார். அந்தக் கல்விக்குச் சான்றிதழ் யாரும் தருவதில்லை.

கோலா தாஹானில் இறங்கினால் அக்கரையில் தாமான் நெகாரா. 4,343 சதுர கிலோமீட்டர் பரப்பில் பகாங், கிளந்தான், திரங்கானு ஆகிய மூன்று மாநிலங்களிலும் பரந்து கிடக்கும் மழைக்காடு. தீபகற்பத்தின் மிக உயரமான தாஹான் மலை அதற்குள் இருக்கிறது. காட்டுக்குள் வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது என்பதை மட்டும் இளைஞர்கள் மறக்க வேண்டா. கேமரன் மலைக்கே இதில் ஒரு கசப்பான அனுபவம் உண்டு. தாய்லாந்துப் பட்டு வணிகத்தால் புகழ்பெற்ற ஜிம் தாம்சன் என்ற அமெரிக்கர், முன்னாள் உளவுத் துறை அதிகாரி, 1967 மார்ச் 26-இல் தானா ராத்தாவுக்கருகே தங்கியிருந்த பங்களாவிலிருந்து உலாவப் போனார். பெருந்தேடுதல் நடந்தது. இன்றுவரை அவர் என்ன ஆனார் என்று தெரியவில்லை.

பெற்றோரின் தயக்கத்தை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. “வேலையத்துப்போய் ஊர் சுத்துறதா?” என்பது முதல் கேள்வி. தமிழ்க் குடும்பங்களில் பயணத்துக்கு எப்போதும் ஒரு காரணம் தேவைப்படுகிறது: பிழைப்பு, திருமணம், சாவு, கோயில். பொருள் தேடக் கடல் கடந்து போகச் சொன்ன ஔவையாரும் சும்மா போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லவில்லை. ஆனால், இதே பெற்றோர் தைப்பூசத்துக்குப் பிள்ளைகளைப் பத்துமலைக்கோ பினாங்குக்கோ ஈப்போவுக்கோ அனுப்புகிறார்கள். நள்ளிரவில் பேருந்தேறி, நிற்க இடமில்லாத கூட்டத்தில் நடந்து, கிடைத்த இடத்தில் தூங்கி, மறுநாள் திரும்புகிறார்கள் பிள்ளைகள். அதைவிடக் கடினமான பயணம் ஜெராண்டுட்டுக்கு இல்லை. காரணம் ஒன்று வேண்டுமென்றால், சொந்த நாட்டைத் தெரிந்துகொள்வது ஒரு காரணமாகாதா?

“ஆம்பளப் பிள்ளைன்னாகூடப் பரவால்ல, பொம்பளப் பிள்ளைய எப்படி அனுப்புறது?” என்பது அடுத்தது. இந்த அச்சத்தைக் கேலி செய்வது அறிவுடைமை ஆகாது. பெண்கள் பொதுப் போக்குவரத்தில் தொல்லைக்குள்ளாவது உண்மை. 2010-இல் கொமுட்டர் இரயிலில் பெண்களுக்கெனத் தனிப்பெட்டி வைத்ததே அதனால்தான். அச்சத்துக்கு மருந்து வீட்டில் அடைத்து வைப்பதென்றால், ஆறு மாதம் கழித்து அதே பெண் சபாவிலோ ஜோகூரிலோ பல்கலைக்கழகத்துக்குத் தனியாகப் போகும்போது என்ன செய்வது? மூன்று நான்கு தோழிகள் சேர்ந்து, பகலில் மட்டும் பயணம் செய்து, தங்குமிடத்தை முன்கூட்டியே உறுதிசெய்து, நாளுக்கு இருமுறை வீட்டுக்கு அழைத்துப் பேசினால், அதுவே அந்தப் பெரிய பயணத்துக்கு நல்ல ஒத்திகை. முதல் முறை சித்தியோ அக்காவோ உடன் போகட்டும், குறையொன்றும் இல்லை.

பணத்தைப் பற்றிய கேள்வியே மிக நேர்மையான கேள்வி. தோட்டத் தொழிலாளியின் ஊதியத்தில் சுற்றுலா என்பது கூச்சம் தரும் சொல். முதுகுப்பைப் பயணம் என்பதே பணமில்லாதவர்களுக்காக உருவான முறை என்பதை இங்கே நினைவுபடுத்தலாம். 1970-களில் ஐரோப்பிய இளைஞர்கள் கையிருப்பை எண்ணியெண்ணித் தரைவழியே ஆசியாவுக்கு வந்தார்கள். டோனி வீலரும் மவ்ரீன் வீலரும் 1975-இல் தென்கிழக்காசியாவைக் குறைந்த செலவில் சுற்றுவது பற்றி எழுதிய வழிகாட்டி நூல் பெரும்புகழ் பெற்றது. அவர்களைப் போல விமானச் சீட்டுக்குச் சேமிக்க வேண்டிய தேவைகூட மலேசியப் பிள்ளைக்கு இல்லை. மொழி தெரியும், சாப்பாடு தெரியும், நாசி லெமாக் பொட்டலத்துக்கு என்ன விலை கொடுக்கலாம் என்பதும் தெரியும். வழியில் ஏதேனும் ஓர் ஊரில் உறவினர் வீடும் இருக்கும். தேர்வுக்குப் பிறகு ஒரு மாதம் கடையில் வேலை செய்தவர்கள் ஒரு வாரப் பயணத்துக்கான பணத்தை ஒதுக்க முடியும். அதற்கும் வழியில்லாத வீடுகள் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளியும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் உதவ வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு, முதுகுப்பைப் பயணிகள் எல்லாரும் முன்மாதிரிகள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அவர்களில் சிலருக்கு நாடு என்பது பட்டியலில் அடையாளமிட வேண்டிய ஒரு பெயர். ஐம்பது காசுக்காகச் சாலையோரத்துப் பூர்வகுடிப் பெண்ணிடம் பேரம் பேசிவிட்டு, அடுத்த கடையில் பத்து ரிங்கிட்டுக்குக் காப்பி குடிப்பவர்களும் உண்டு. இதைவிட வருத்தம் தருவது தேயிலைச் சரிவில் நடப்பது. வேலை செய்துகொண்டிருப்பவரைக் கேட்காமலே படமெடுப்பது உள்ளூர்ச் சுற்றுலாப் பயணிகளிடமும் வெளிநாட்டவரிடமும் ஒன்றுபோலக் காணப்படும் பழக்கம். பச்சைக் கம்பளத்தின் நடுவே ஒரு வண்ணப் புள்ளி வேண்டும். அந்தப் புள்ளிக்குப் பெயர் தேவையில்லை.

அந்தப் புள்ளி இப்போது பெரும்பாலும் தமிழர் இல்லை. தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள் படித்து வெளியேற, அந்த வேலைக்கு வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் ஆட்கள் வந்திருக்கிறார்கள். அவர்களும் கடன் வாங்கி, முகவரை நம்பி, ஊரையும் உறவையும் விட்டு நெடுந்தூரம் வந்தவர்கள். 'ரஜூலா'வின் தளத்தில் பாய் விரித்தவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு அவர்களின் நிலை மற்றவர்களைவிடச் சற்று விரைவாகப் புரிய வேண்டும். ஆனால், பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. தோட்டத்தை ஒட்டிய பேருந்து நிறுத்தத்தில் 'பங்ளா' என்ற ஒரு சொல்லோடு உரையாடல் முடிந்துவிடுகிறது. சிட்டகாங்கா, டாக்காவா, எத்தனை ஆண்டாயிற்று, பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்க மலாய் மொழி போதும். பயணம் செய்தவர்கள் அத்தகைய கேள்விகளைக் கேட்கப் பழகிவிடுகிறார்கள். தெரியாத ஊரில் தம்மையே ஒருவர் அப்படி அக்கறையோடு விசாரித்த அனுபவம் அவர்களுக்கு உண்டு.

பள்ளிகள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கேமரன் மலையிலிருந்து கல்விச் சுற்றுலா என்றால் வாடகைப் பேருந்து ஒன்று பள்ளி வாசலுக்கு வரும். நேராக ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்கோ அறிவியல் மையத்துக்கோ போகும். போகும் வழியில் மாணவர்கள் தூங்குவார்கள் அல்லது பாட்டுப் பாடுவார்கள். அந்தச் சுற்றுலாவில் ஒன்றையாவது மாற்றி அமைக்கலாம். முப்பது மாணவர்களைத் தாப்பாவரை பொதுப் பேருந்தில் கூட்டிப்போய், தாப்பா ரோட்டில் இரயிலேற்றி, கெமாஸில் மாற்றி, ஜெராண்டுட்டில் இறக்கி, கோலா தெம்பெலிங்கில் படகேற்றலாம். திரும்பும்போது சுங்கை கோயான் சாலை வழியாக ரிங்லெட்டுக்கு வந்துவிடலாம். இரண்டு நாள் கூடுதலாகும். ஆசிரியருக்குக் கடித வேலையும் கவலையும் கூடும். இரயில் அட்டவணையைப் பார்ப்பது, சீட்டுப் பதிவு செய்வது, படகுத்துறைக்குத் தொலைபேசியில் அழைத்துப் பேசுவது ஆகியவற்றை மாணவர்களிடமே ஒப்படைத்துவிட்டால் அந்தச் சுமையில் பாதி குறையும். அவர்கள் முதல் முறை தவறாகப் பதிவு செய்யக்கூடும் என்பதால், ஒரு மாதம் முன்னதாகவே தொடங்குவது நல்லது.